குமிழிக்கு ஓர் எழுத்து

பனி கதவைத் தட்டாமல் உள்ளே வந்து, நாற்காலியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு, வந்த வழியே போய்விடுகிற மலையூர்கள் உண்டு. கொடைக்கானல் சரிவில் இருக்கும் வெள்ளிப்பாறை அப்படி ஓர் ஊர். அங்கே சலேத்து மேரி என்று ஒருத்தி இருந்தாள், இப்போதும் இருக்கிறாள், வேண்டுமானால் போய்ப் பார்க்கலாம். பஸ் நிற்குமிடத்திலிருந்து மேலே ஏறினால் எந்த வீட்டு அழைப்புமணி சைக்கிள் டைனமோவில் ஓடுகிறதோ, எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டி நிரம்பியதும் மாதா பாட்டுப் பாடுகிறதோ, எந்த வீட்டு விளக்கு பனி நுழைந்ததும் தானாக எரிந்து பனி வெளியேறியதும் தானாக அணைகிறதோ, அதுதான் அவள் வீடு.

வயது அறுபது. தொலைபேசி நிலையத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்தவள், ஒயரைக் கையால் சொருகி ஆளையும் ஆளையும் இணைத்த காலம் போய் எல்லாம் தானாக இயங்க ஆரம்பித்தபின் ஏதோ ஒரு மேசையில் உட்கார்த்தி வைக்கப்பட்டு ஓய்வுபெற்றவள். அவள் ஓய்வுபெற்றாளே தவிர விரல்கள் ஓய்வுபெறவில்லை. காலையில் எழுந்தால் எதையாவது கழற்றியாக வேண்டும், கழற்றியதை வேறு எதிலாவது மாட்டியாக வேண்டும். வருடத்தில் ஒரு மாதம் மட்டும் அந்த விரல்கள் வேறு வேலைக்குப் போகும். மே மாதத்தில் ப்ளம்ஸ் பழுத்ததும் அவள் ஒயின் போடுவாள். கிறிஸ்துமஸுக்கு என்று சொல்லி ஊரில் பாதி வீடுகளில் போடுகிற ஒயின்தான். பழத்தைக் கழுவித் துடைத்துப் பிசைந்து, சர்க்கரை, ஈஸ்ட், ஒரு கைப்பிடி கோதுமை, நாலு கிராம்பு, ஒரு துண்டு பட்டை எல்லாம் போட்டு, கழுத்துவரை வராமல் பீங்கான் ஜாடியில் நிரப்பி, மூடியில் துளை போட்டு, ஆஸ்பத்திரியில் சலைன் ஏற்றுகிற குழாயைச் சொருகி, குழாயின் மறுமுனையைத் தண்ணீர் பாட்டிலுக்குள் விடுவாள். உள்ளே புளிக்கப் புளிக்கக் காற்று குழாய்வழி வந்து தண்ணீரில் குமிழி விடும். குமிழி வந்தால் ஒயின் உயிரோடு இருக்கிறது, நின்றால் ஆயிற்று என்று அர்த்தம்.

பழங்கள் அவளுடைய பாதி மரத்திலிருந்து வந்தவை. பாதி மரம் என்பதற்குக் காரணம் இருந்தது. அவள் வீட்டுக்கும் தங்கை கித்தேரி வீட்டுக்கும் நடுவே இடுப்புயரக் கல்சுவர். அந்தச் சுவரின் நடுவிலேயே, கற்களை இரண்டு பக்கமும் தள்ளிக்கொண்டு, அந்த ப்ளம்ஸ் மரம் நின்றது. இந்தப்பக்கம் விழுந்தது இவளுக்கு, அந்தப்பக்கம் விழுந்தது அவளுக்கு. கை நீட்டி ஒரு பழம் பறித்துக்கொள்வதில்லை, ஒருத்திக்கொருத்தி ஒரு வார்த்தை பேசிக்கொள்வதும் இல்லை. முப்பத்துமூன்று வருடங்களாக அப்படித்தான்.

அந்த வருடம் சலேத்துக்கு முழங்கால் வலி. மணிக்கொரு தரம் எழுந்து சாமான் அறைக்குப் போய்க் குமிழியை எண்ணிவிட்டு வர முடியவில்லை. அதனால் பழைய கறுப்புத் தொலைபேசி ஒன்றின் பேசுகிற முனையைக் கழற்றித் தண்ணீர் பாட்டிலின் கழுத்தில் கட்டி, அங்கிருந்து ஒயர் இழுத்துவந்து, முன்னறையில் இருந்த ரேடியோவின் ஸ்பீக்கரில் சேர்த்தாள். இனி நாற்காலியில் சாய்ந்தபடியே குளுக், குளுக் என்று எண்ணிக்கொள்ளலாம்.

மூன்றாம் நாள் காலை, சர்க்கரை நன்றாகப் பிடித்துக் குமிழிகள் ஒன்றையொன்று முந்திக்கொண்டு வர ஆரம்பித்த நேரத்தில், ஸ்பீக்கரிலிருந்து கித்தேரியின் குரல், "இந்த வருசம் பனி சாஸ்தி, துணி ரெண்டு நாளாயும் காயல," என்றது.

சலேத்து ஸ்பீக்கரின் சத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாள், ஒயரின் இணைப்பைச் சரிபார்த்தாள், ஒரு டீ போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தாள். டிசம்பரில் மரம் மொட்டுவிட்டபோது கித்தேரி மரத்தடியில் துணி காயப்போட்டுக்கொண்டு சொன்னது அது. குமிழிக்கு ஓர் எழுத்து வீதம், மொட்டிலிருந்து பழம்வரை மரத்தடியில் பேசப்பட்டதெல்லாம் வரிசையாக வந்துகொண்டிருந்தது. கேஸ் சிலிண்டர் வரவில்லை என்பது, கோயம்புத்தூரில் இருக்கும் மகள் நிர்மலா போன் பண்ணவில்லை என்பது, அணில் ஒன்றைத் திட்டியது, பிறகு அதே அணிலிடம் மன்னிப்புக் கேட்டது.

கதவு மணியை அடித்துவிட்டு உள்ளே வந்த டீக்கடை வீரணன் கால் மணி நேரம் நின்று கேட்டான். "பழம்னா அப்படித்தானக்கா," என்றான். "கீழ நிக்கிறவன் பேச்சுபூரா மேலதான போகுது? எங்கயாச்சும் ஊறித்தான ஆகணும்." அவன் வந்த காரியம் மிக்ஸி ரிப்பேர், அதை மறந்துவிட்டு, தன் வீட்டு மரத்தில் பழம் இருக்கிறதா என்று பார்க்க ஓடினான்.

ஒரு வாரத்தில் வெள்ளிப்பாறைக்கு அது பழகிவிட்டது. வீடுகளில் ஜாடிகள் நிரம்பின, ஆஸ்பத்திரியில் சலைன் குழாய்கள் தீர்ந்தன, சலேத்து வீடுவீடாகப் போய் ஒயர் மாட்டிக் கொடுத்தாள், சில விஷயங்கள் எல்லாருக்கும் தெளிவாயின. ப்ளம்ஸ் அட்சரம் பிசகாமல் பேசும். பேரிக்காய் வாய்க்குள்ளேயே முனகும். கொடியில் காய்க்கிற தாட்பூட் பழம் படபடவென்று பேசிவிட்டு மூன்றே நாளில் ஓய்ந்துவிடும். கீழே சந்தையிலிருந்து வாங்கி வந்த திராட்சை மட்டும் வேண்டாம், அது முழுக்க மருந்தடிக்கிறவர்களும் லாரிக்காரர்களும் பேசியது, பெண்பிள்ளைகள் இருக்கிற வீட்டில் ஜாடிமேல் தலையணை வைத்து அமுக்கவேண்டி வந்தது. பட்டர் ஃப்ரூட்டில் ஒயின் வராது. அதனால் ரகசியம் பேசுகிறவர்கள் பட்டர் ஃப்ரூட் மரத்தடிக்கு மாறினார்கள், காதலிக்கிறவர்கள் தைலமரக் காட்டுக்குப் போனார்கள். புருஷன் பெண்டாட்டிச் சண்டைகள் கேரட் வயலில் நடந்தன. மண்ணுக்குக் கீழே விளைவது எதையும் சொல்லாது என்று யாரோ நம்பிச் சொன்னதை எல்லாரும் நம்பினார்கள்.

கோவில் பேரிமரத்துக்கு மட்டும் தனி ஏற்பாடு. திருவிழா நாட்களில் உள்ளே இடமில்லாமல் பங்குசாமியார் அந்த மரத்தடியில் நாற்காலி போட்டுத்தான் பாவசங்கீர்த்தனம் கேட்பார்; ஊரார் தங்கள் பாவங்களை அவர் காதில் ரகசியமாகச் சொல்வது அங்கேதான். ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் அவர் இயேசுநாதரைப் பற்றிப் பேசிய நேரத்தைவிட அந்தப் பழங்களைத் தொடக்கூடாது என்று சொன்ன நேரம் அதிகம். மறுநாள் அங்கியைத் தூக்கிச் சொருகிக்கொண்டு, ஒரு பழம் விடாமல் தானே பொறுக்கி, கல்லறைத் தோட்டத்தின் மூலையில் ஆழமாகக் குழிவெட்டிப் புதைத்தார். அன்றைக்கு ஊர் மொத்தமும் நிம்மதியாகத் தூங்கியது.

ஆனால் ஊர் சாயங்காலமானால் கூடியது சலேத்து வீட்டு முன்னறையில்தான். மற்ற ஜாடிகளில் வந்தது உருளைக்கிழங்கு விலையும் மழையும்; சலேத்தின் ஜாடியில் வந்தது கித்தேரி. மகளும் போனபின் வாய்க்கு வாய் பேச ஆளில்லாத வீட்டில் இத்தனை வருடம் இருந்தவள் மரத்திடம் எவ்வளவு பேசுவாளோ அவ்வளவும் வந்தது. ஊர் சிரித்தது, உச்சுக்கொட்டியது, டீ குடித்தது. கித்தேரிக்கும் சேதி போனது. கொண்டுபோனவன் வீரணன், பதிலைக் கொண்டுவந்தவனும் அவனே.

"என்ன சொன்னா?" என்று சலேத்து கேட்டாள்.

வீரணன் தலையைச் சொறிந்தான். "சொன்னதைச் சொல்லவா, நல்லதா ஒண்ணு சொல்லவா?"

"சொன்னதைச் சொல்லுடா."

"'ஒட்டுக்கேட்டுப் பழகின காதுதான, கேட்டுட்டுப் போகட்டும்'னு சொன்னாங்கக்கா."

சிரித்துக்கொண்டிருந்தவர்கள் டீ டம்ளரைப் பார்த்தார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வருகிறது என்பது ஊருக்குத் தெரியும்.

முப்பத்தைந்து வருடங்களுக்கு முன் கித்தேரிக்கு எஸ்டேட் மேஸ்திரி ஆல்பர்ட்டைப் பேசி முடித்திருந்தார்கள். கோவிலில் மூன்று ஞாயிறு கல்யாண ஓலை வாசிப்பது வழக்கம்: இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை ஏதும் அறிந்தவர்கள் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறீர்கள் என்று. முதல் ஞாயிறுக்கு முந்தின வெள்ளிக்கிழமை, திண்டுக்கல்லிலிருந்து எஸ்டேட்டுக்கு ஒரு கால். சலேத்து ஒயரைச் சொருகினாள், இணைப்புக் கிடைத்ததா என்று ஒரு நொடி காது கொடுத்தாள், அந்த ஒரு நொடி ஆபரேட்டருக்கு அனுமதிக்கப்பட்டது. அந்த நொடி தாண்டியும் அவள் காதை எடுக்குமுன் ஒரு பெண்குரல், "பிள்ளைக்கு மூணு நாளா காய்ச்சல், அப்பா எங்கன்னு கேட்டு அழுவுறான், எப்ப வர்றீங்க?" என்றது, ஆல்பர்ட்டின் குரல், "வர்றேன், வர்றேன்," என்றது. சலேத்து காதிலிருந்து கருவியை எடுத்துவிட்டாள். வேலையில் சேர்ந்த அன்று, கேட்டது எதையும் வெளியே சொல்லமாட்டேன் என்று ஒரு தாளில் கையெழுத்துப் போட்டிருந்தாள். முதல் ஞாயிறு ஓலை வாசித்தார்கள், இரண்டாம் ஞாயிறு வாசித்தார்கள், மூன்றாம் ஞாயிறும் வாசித்தார்கள். அவள் மூன்றாவது பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். கல்யாணத்தன்று காலையில் தங்கையின் முக்காட்டை அவள்தான் குத்திவிட்டாள். கித்தேரி கண்ணாடியில் அவளைப் பார்த்து, "போகவாக்கா?" என்றாள். சலேத்தின் பல்லிடுக்கில் மூன்று ஊசிகள் இருந்தன. அவள் அடுத்த ஊசியை எடுத்துக் குத்தினாள்.

இரண்டு வருடம் கழித்து ஆல்பர்ட் கிளம்பிப் போனான். அழுதுகொண்டிருந்த தங்கையைத் தேற்ற வேண்டும் என்று பக்கத்தில் உட்கார்ந்து, தலையைத் தடவி, என்ன சொல்லித் தேற்றுவது என்று தெரியாமல், "எனக்கு அப்பவே தெரியும்டி," என்று சொன்னாள் சலேத்து. அதுதான் அவர்கள் பேசிக்கொண்ட கடைசிப் பேச்சு.

இப்போது கித்தேரி வீட்டை விற்கிறாள். ரிசார்ட் கட்டுகிற ஒருவர் வாங்குகிறார்; மார்ச் மாதம் அவர் மரத்தடியில் நின்று தரகரிடம், "முதல் வேலையா இந்த மரத்தை எடுத்துடணும்," என்று சொன்னது பன்னிரண்டாம் நாள் ஜாடியில் வந்து ஊரே கேட்டது. சனிக்கிழமை சாமான் ஏற்ற லாரி வரும், கித்தேரி மகள் வீட்டோடு போய்விடுவாள், அடுத்த புதன்கிழமை பத்திரம். மரம் போய்விட்டால் அவள் மரத்திடம் சொன்னது எதுவும் மிச்சமிருக்காது. அந்த ஜாடிக்குள் எங்கேயாவது, அணிலுக்கும் சிலிண்டருக்கும் நடுவே, தன்னைப் பற்றி ஒரு வார்த்தை இருக்கும் என்று சலேத்து காத்திருந்தாள். நல்ல வார்த்தையாக இருக்கவேண்டும் என்றுகூட இல்லை. முப்பத்துமூன்று வருடத்தில் தான் அவளுக்கு யாராக ஆகியிருக்கிறோம் என்று தெரிந்தால் போதும்.

பதினேழாம் நாள், வியாழக்கிழமை, குமிழிகள் மெலிந்துவிட்டன. சர்க்கரை தீர்ந்துகொண்டிருந்தது, ஒரு வார்த்தைக்கும் அடுத்த வார்த்தைக்கும் நடுவே ஒரு டீ குடித்துவிடலாம். கித்தேரியின் குரல், காலை ஒன்பது மணிக்கு ஆரம்பித்து மத்தியானச் சாப்பாட்டுக்குள், "போறதுக்கு முன்னாடி அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்," என்று சொல்லி முடித்தது. அறையில் இருந்தவர்கள் டம்ளரைக் கீழே வைத்தார்கள்.

அப்புறம் குமிழி நின்றுவிட்டது.

அன்றைக்கு இறங்கின குளிர் அப்படி. உடனே வெள்ளிப்பாறை வேலையில் இறங்கியது. ஒருத்தி ஜாடிக்கு ஸ்வெட்டர் கொண்டுவந்து மாட்டினாள், குரங்குக் குல்லா ஒன்றும் வந்தது. சர்க்கரை போடலாம் என்றார்கள் சிலர். போட்டால் புது சர்க்கரை கடைக்காரன் பேச்சைத்தான் பேசும் என்று தடுத்தார்கள் வேறு சிலர். சலேத்து நாற்பது வாட் குண்டு பல்ப் ஒன்றைத் தேடி எடுத்து, பழைய இஸ்திரிப்பெட்டியிலிருந்து சூடு கண்டு அணைக்கிற பாகத்தைக் கழற்றி, இரண்டையும் சேர்த்து, ஜாடியைச் சுற்றி அட்டைப்பெட்டியால் ஓர் அறை கட்டினாள். வெள்ளி முழுக்கக் காத்திருந்தார்கள். ஜாடி மெல்ல மெல்லச் சூடேறியது.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு லாரி வந்தது. அந்தப்பக்கம் கட்டில் இறங்குகிற சத்தமும், பீரோவைச் சாய்க்கிற சத்தமும், "மெதுவாப்பா, கண்ணாடி," என்கிற கித்தேரியின் சத்தமும் கேட்டுக்கொண்டிருந்தன. இந்தப்பக்கம் முன்னறை நிறைந்து ஜன்னலிலும் ஆட்கள். பங்குசாமியார்கூட, வேறு ஏதோ வேலையாக வந்தவர்போல, வாசற்படியில் நின்றார்.

குழாயின் நுனியில் ஒரு குமிழி திரள்வது ஸ்பீக்கரில் கேட்டது. குமிழி உடைவதற்கு முன்னால் வருகிற சின்ன இழுப்பு, ஒருவர் பேச வாயெடுக்கும்போது வருமே அந்த மூச்சு.

சலேத்துக்கு அந்த மூச்சைத் தெரியும். எத்தனையோ வருடம் காதில் கருவியை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தவள். இணைப்புக் கிடைத்ததும், பேசப்போகிறவர் முதல் சொல்லைச் சொல்வதற்கு முன்னால் இழுக்கிற மூச்சு. அந்த இடத்தில்தான் ஆபரேட்டர் விலகிக்கொள்ள வேண்டும். ஒரே ஒரு வெள்ளிக்கிழமை அவள் ஒரு நொடி தாமதித்தாள்.

அவள் எழுந்து போய் ஸ்பீக்கரின் ஒயரை உருவினாள்.

"ஐயோ அக்கா!" என்றான் வீரணன். அறை முழுவதும் பெருமூச்சு விட்டது. சாமான் அறையில் ஜாடி சத்தமில்லாமல் தன்பாட்டுக்குக் குமிழி விட்டுக்கொண்டிருந்தது. யாருக்கும் கேட்காமல் ஒவ்வோர் எழுத்தாகக் காற்றில் போய்க்கொண்டிருந்தது.

சலேத்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு பின்வாசல்வழி இறங்கி, கல்சுவரண்டை போய், மரத்தின் அடிமரத்தில் கையை வைத்தாள். கித்தேரி லாரிப்பக்கம் இருப்பாள் என்று நினைத்து, கொஞ்சம் உரக்கவே பேசினாள்.

"ஏ மரமே, கேட்டுக்க. மூணு ஞாயிறு ஓலை வாசிச்சாங்க. மூணு ஞாயிறும் நான் மூணாவது பெஞ்சுல உக்காந்திருந்தேன். எந்திரிக்கல. கையெழுத்துப் போட்ட தாளு பெருசுன்னு நெனச்சேன். இல்ல, அதுகூடப் பொய்யி. எந்திரிச்சா எல்லாரும் திரும்பிப் பாப்பாங்களேன்னு பயந்தேன். அவ்வளவுதான். தாளை அப்புறமாத்தான் சாக்கா எடுத்துக்கிட்டேன்."

இலைகள் பனியைச் சொட்டின. சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து, மிகப் பக்கத்தில், "யாருகிட்டப் பேசுற?" என்று கேட்டது.

முப்பத்துமூன்று வருடத்துக்கு அப்புறம் வந்த முதல் கேள்வி. சலேத்து பயந்துபோய், "மரத்துகிட்ட," என்றாள்.

"நல்லாருக்கு. மரம் இதைக் கேட்டு, மொட்டு விட்டு, பூத்து, பழுத்து, நீ அதைப் பெசஞ்சு ஜாடியில போட்டு, ஒயரைச் சொருகி, ஊரே உக்காந்து கேட்டு, அதுக்கப்புறம் அந்த வீரணன் பய வந்து எனக்குச் சொல்லணும். வார வருசம் மே மாசம் ஆயிரும். லாரிக்காரரு அரை மணிநேரந்தான் நிப்பேங்கிறாரு." கித்தேரி ஒரு கிளையை விலக்கினாள். தலை முழுக்க நரைத்திருந்தது. கையில் ஒரு குக்கர் மூடி. "எதுவா இருந்தாலும் எம்மூஞ்சியப் பாத்துச் சொல்லு."

சலேத்து முகத்தைப் பார்த்துச் சொன்னாள். மரத்துக்குச் சொன்னதைவிடச் சின்னதாக இருந்தது, சொல்ல அதிக நேரம் ஆயிற்று.

கித்தேரி குக்கர் மூடியை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினாள். "நான் சொன்னது ஜாடியில வந்துச்சா?"

"பாதி வந்துச்சு. அக்காகிட்ட ஒண்ணு கேக்கணும்னு. மீதி வர்றப்ப ஒயரை உருவிட்டேன்."

"ஏன்?"

"நீ எங்கிட்டச் சொல்லலையே. மரத்துகிட்டத்தான சொன்ன."

கித்தேரி அவளையே பார்த்தாள். "அன்னைக்குக் கேட்டுட்டுச் சொல்லாம இருந்த. இன்னைக்குக் கேக்காமலே வந்து சொல்ற. உன்னைய வச்சுக்கிட்டு நான் என்னதான் பண்றது?" என்றாள். பிறகு, லாரி ஹாரன் அடித்ததைப் பொருட்படுத்தாமல், கண்ணாடியில் பார்த்துக் கேட்ட அதே குரலில், அந்தக் குரல் மட்டும் நரைக்காமல் இருந்தது, "போகவாக்கா?" என்றாள்.

"போகாத," என்றாள் சலேத்து. ஒரு குமிழி உடைகிற நேரம்கூட அவள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஏற்றின சாமானை இறக்க லாரிக்காரருக்குப் பொறுமை இல்லை. கட்டிலும் பீரோவும் கோயம்புத்தூருக்குப் போய்விட்டன, கித்தேரி குக்கர் மூடியோடு நின்றுவிட்டாள். குக்கர் லாரியில் போயிருந்தது. அதனால் அன்றைக்கு அவள் சுவரை எந்தப்பக்கமாகச் சுற்றிக்கொண்டு வருவது என்று தெரியாமல் இரண்டு தடவை வழி தவறி, கடைசியில் முன்வாசலில் வந்து மணியை அடித்தாள், டைனமோ சுற்றியது, அக்கா வீட்டில்தான் சாப்பிட்டாள். புதன்கிழமை வந்தது, பத்திரம் எழுதாமலே போனது. ரிசார்ட்காரர் கித்தேரிக்கு இரண்டு தரம் போன் செய்தார். சலேத்து எடுத்து, "அவங்க லைன்ல இல்லைங்க," என்று பழைய குரலில் சொல்லி வைத்துவிட்டாள்.

இருபத்தோராம் நாள் ஒயினை வடிகட்டினார்கள். நல்ல நிறம், கொஞ்சம் துவர்ப்பு.

மறுவருடம் மே மாதம் ப்ளம்ஸ் வழக்கத்தைவிட அதிகமாகக் காய்த்தது. இரண்டு பக்கத்துப் பழத்தையும் ஒரே ஜாடியில் போட்டார்கள். மூன்றாம் நாள் சலேத்து ஒயரைச் சொருகினாள், ஊர் டம்ளரோடு வந்து இடம்பிடித்தது, வீரணன் முன்வரிசை. ஸ்பீக்கரில் இரண்டு பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். ஒருத்தி முடிக்கக் காத்திராமல் மற்றவள் ஆரம்பித்தாள், ஆரம்பித்ததை முடிக்கவிடாமல் முதலாமவள் குறுக்கே விழுந்தாள், நடுவே சிரிப்பு, நடுவே ஒரு சண்டை. ஒரு வார்த்தையைக்கூடத் தனியாகப் பிரித்தெடுக்க முடியவில்லை. ஊர் கொஞ்ச நேரம் காதைத் தீட்டிக்கொண்டு பார்த்தது, பிறகு சலித்துப்போய், ஒவ்வொருவராக எழுந்து வீட்டுக்குப் போய்விட்டது.